அத்தை மகளின் தூக்கம்

காலையில் நடந்து முடித்துப் பிள்ளையார் கோயில் படியில் நாம் நாலு பேர் உட்கார்ந்தால், பேச்சு சர்க்கரையில் தொடங்கி முழங்கால் வலிக்குப் போய் கடைசியில் தூக்கத்தில் வந்து நிற்கிறது. ஒருத்திக்கு மாத்திரை இல்லாமல் கண் மூடுவதில்லை. இன்னொருத்தி நடுச்சாமத்தில் எழுந்து பாத்திரம் கழுவுகிறாள். நேற்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்து, "உங்களுக்கென்னங்க, படுத்ததும் தூங்கிடுறீங்களாம், உங்க மருமக சொல்லுது" என்று பெருமூச்சு விட்டீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். உங்கள் கண்ணில் இருந்த பொறாமை எனக்கு மிகவும் பழக்கமானது. அதே கண்ணோடு ஒரு பரீட்சைக் காலம் முழுக்க ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள் நான்.

அவள் என் அத்தை மகள். அப்பாவின் தங்கை பெண். என்னைவிடச் சில மாதம் மூத்தவள். அவள் ஸ்ரீரங்கத்தில், நான் திருச்சியில். இடையில் காவிரி.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கியிருந்த நேரம் அது. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த ஸ்டோர் ஒன்றில் எங்கள் வீடு. அப்பாவுக்கு வெங்காய மண்டியில் வேலை. லாரி வந்தால் நின்று சரக்கை இறக்கிவிட வேண்டும். சின்ன வயதில் எனக்கும் அண்ணன்களுக்கும் மொட்டை மாடியில்தான் படுக்கை. தண்ணீர் தெளித்து ஆறவைத்த தரை, கோரைப் பாய், தூரத்தில் மலைக்கோட்டை விளக்கு. லாரிச் சத்தம் கீழேயே நின்றுவிடும். பிறகு நான் வயதுக்கு வந்தேன். சடங்கு முடிந்த அன்றே என் பாயை அம்மா சுருட்டிக் கீழே கொண்டுவந்துவிட்டாள். பெரிய பிள்ளை வெட்டவெளியில் படுக்கக் கூடாதாம். அண்ணன்கள் மாடியிலேயே கிடந்தார்கள். அவர்களுக்கு எதுவுமே ஆகவில்லை பாருங்கள்.

எனக்குக் கிடைத்தது உள்ளறை. ஜன்னல் கிடையாது. அதன் பின்சுவர்தான் மண்டி கோடவுனின் சுவர். இரவில் லாரி வந்து நிற்கும். பின்கதவுச் சங்கிலி அவிழும். முதல் மூட்டை தொப்பென்று விழுந்தால் என் தலைமாட்டில் சுண்ணாம்பு உதிரும். மூட்டைகள் ஒரே சீராக விழுந்தாலாவது பழகியிருப்பேன். இரண்டு விழும், ஆள் பீடி பற்றவைப்பான், கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அடுத்தது எப்போது விழும் என்று காத்துக்கொண்டே கிடப்பேன். அது ஓய்ந்தால் ஏலக் குரல் தொடங்கிவிடும். என் இலவம்பஞ்சுத் தலையணைக்கு நீலக் கரை போட்ட உறை. எத்தனை முறை துவைத்தாலும் அதில் வெங்காய நெடி போகவில்லை.

ஆகவே பள்ளிக்கூடத்தில் தூங்கினேன். கணக்கு வகுப்பில் உட்கார்ந்தபடி, பிரேயரில் நின்றபடி. டீச்சர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பகலிலும் தூங்குகிறாள் என்றால் இந்தப் பெண்ணுக்குத் தூக்கம் அதிகம். எனவே குறைக்க வேண்டும். விடிவதற்கு வெகுநேரம் முன்பே தண்ணீர் தெளித்து எழுப்பிப் படிக்க உட்காரவைத்தார்கள். போதாததற்குப் பள்ளிவாசலில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்று கையில் ஏறியது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

இதற்கு நடுவில்தான் அத்தை மகள் புராணம். "அவளப் பாரு. எட்டு மணிக்குப் படுத்தா விடியத்தான் முழிக்கிறா. நடுவுல இடி விழுந்தாலும் தெரியாது. அதான் மூஞ்சி அப்படி இருக்கு, மார்க்கும் அப்படி வருது" என்று அம்மா தினம் ஒரு தடவையாவது சொல்வாள். அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு கிடையாது. கன்னம் மினுமினுவென்று இருக்கும். வகுப்பில் முதல். அவளுடைய ஜடை, ஜாக்கெட், நோட்டு அட்டை எதன்மேலும் எனக்கு ஆசை வந்ததில்லை. அவள் தூக்கத்தின் மேல் வந்தது. அந்தத் தூக்கம் எனக்கு இருந்தால் அந்த மார்க்கும் எனக்குத்தான் என்று நம்பினேன். இருவருமே எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் காலேஜுக்குப் போவதாகப் பேசி வைத்திருந்தோம். அவள் போய்விடுவாள், நான் கொட்டாவி விட்டுக்கொண்டு இங்கேயே நிற்பேன் என்ற பயம் எனக்கு இருந்தது.

மாசி மாதம் பிறந்ததும் டீச்சர் மறுபடி சொல்லி அனுப்பினார். அம்மா ஒருவழியாக இறங்கிவந்தாள். "பரீட்சை வரைக்கும் உங்க அத்தை வீட்டுல இரு. நல்ல காத்து. சத்தமே கிடையாது. அவளோட சேந்து படுத்தா உனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கும்" என்றாள். டிரங்குப் பெட்டியும் வெங்காயத் தலையணையுமாக டவுன் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டினேன்.

அத்தை வீடு அடையவளஞ்சான் வீதிக்கு அப்பால், கொள்ளிடம் பக்கம், மாமாவின் வாழைத் தோப்பை ஒட்டி இருந்தது. மாமா காலையில் இலைக்கட்டு அனுப்புவார், மாலையில் கணுக்கால் சேற்றோடு வருவார், அதிகம் பேசமாட்டார். கூடத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் பாய். எங்கள் கால்மாட்டைத் தாண்டி முற்றம். அங்கே மாமாவின் கயிற்றுக் கட்டில். அத்தை மகள் என் தலையணையை ஒருமுறை மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். விளக்கை இறக்கினார்கள். அவள் தலையைச் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நீளமாக, சீராக வரத் தொடங்கியது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. வெங்காய மூட்டை விழவில்லை என்பதே ஒரு சத்தமாக இருந்தது. வாழை இலை கிழிவது கேட்டது. பல்லி கேட்டது. செம்பை அத்தை மூடுவது கேட்டது. பக்கத்தில் இவள் மட்டும் எதுவும் தெரியாமல் கிடந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. கொடுத்துவைத்தவள், கொடுத்துவைத்தவள் என்று மனதுக்குள் அவளைத் திட்டினேன். அடுத்தடுத்த இரவுகளிலும் இதே கதைதான். வேறு வேலை இல்லாததால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளையே பார்த்தேன். எப்படித் தூங்குகிறாள், வாயை மூடியா, கையை எங்கே வைத்து, என்று. கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கொசு. கொள்ளிடக்கரைக் கொசு, நல்ல பருமன். அவள் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. முற்றத்து வெளிச்சத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது நிதானமாகக் குடித்தது. நானும் என் அண்ணன்களும் எவ்வளவு அசந்து தூங்கினாலும் கொசு கடித்தால் தூக்கத்திலேயே பட்டென்று அடிப்போம், அடித்தது காலையில் ஞாபகமே இருக்காது. இவள் அடிக்கவில்லை. கை அசையவில்லை. ஆனால் தொண்டைக் குழி ஒருமுறை ஏறி இறங்கியது. எச்சில் விழுங்கினாள்.

முற்றத்தில் மாமாவின் குரல் கேட்டது.

"பிள்ளைங்க தூங்கிடுச்சா?"

"எப்பவோ" என்றாள் அத்தை. "உங்க மகதான் தலையச் சாய்க்கறதுக்குள்ள தூங்கிடுவாளே. அண்ணன் மகளும் அசந்துட்டா போல."

"மண்ணச்சநல்லூர்லேர்ந்து இன்னிக்கும் ஆள் வந்துச்சு. சொந்தமா ரைஸ் மில்லு. ஒரே பையன். பரீட்சை முடிஞ்ச கையோட நிச்சயம் பண்ணிக்கலாம்ங்கிறாங்க."

"அவ காலேஜு காலேஜுன்னு சொல்லிக்கிட்டு இருக்காளே."

"சொல்லுவா. காலேஜு போயிட்டு வந்து என் தோப்புல வாழைக்குப் பாடம் எடுக்கப் போறாளா?"

அத்தை மகளின் மூச்சு மட்டும் முன்னைவிடச் சீராக வந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தபோது எனக்கு வந்தது இரக்கம் என்று சொல்ல ஆசைதான். வந்தது இன்னொரு பொறாமை. ரைஸ் மில் வீட்டிலிருந்து ஆள் மேல் ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள் இவளை. என்னை எவன் கேட்டான்?

மறுநாள் கிணற்றடியில் பாவாடைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "நீ ராத்திரி தூங்கலைல்ல?"

"நீயுந்தான் தூங்கல."

"கொசு கடிச்சுதேடி."

"அடிச்சா அவங்க பேச்சு நின்னுடும். அப்புறம் தோப்புப் பக்கம் போய்ப் பேசுவாங்க. எனக்கு எதுவும் தெரியாது."

"எத்தனை நாளா இப்படி?"

அவள் பாவாடையைக் கல்லில் அடித்தாள். "இந்த வீட்டுல இலை விழுந்தாக்கூடக் காதுல விழுது. என்னைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு தெரிஞ்சப்புறம் எப்படித் தூக்கம் வரும்? உங்க வீடு எவ்வளவோ தேவலைடி."

என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கிவிட்டது. உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த நாட்களில் மாரியம்மனே ஊருக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். அடுப்பில் வைத்தது எதுவும் அவளுக்குப் படைப்பதில்லை. மாமா வருஷா வருஷம் மஞ்சள் துணி கட்டி, அவளோடு சேர்ந்து தானும் இரவுச் சோறு தொடாமல் இளநீரும் வேகவைக்காத பச்சரிசித் துள்ளுமாவுமாக இருப்பார். தோப்பில் ஒரு இலை அறுக்கக்கூட மாரியம்மாவிடம் உத்தரவு கேட்கிற மனிதர். பகலெல்லாம் அப்படி. ஆனால் இரவில் கட்டிலில் உட்கார்ந்ததும் மண்ணச்சநல்லூர்ப் பேச்சுதான்.

அன்று பேச்சு பந்தி வரைக்கும் போய்விட்டது. நிச்சயதார்த்தத்துக்கு இனிப்பு ஒன்று போதுமா, இரண்டு வைக்க வேண்டுமா, சமையலுக்கு உள்ளூர் ஆளா, திருவானைக்காவலிலிருந்தா என்று மாமா சொல்லிக்கொண்டே போனார். அத்தை ம் கொட்டிக்கொண்டு பூக்கூடைக்காகச் செவ்வந்தியை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

என் பக்கத்துப் பாயிலிருந்து ஒரு குரல் வந்தது. அது அவள் குரல் இல்லை. தடித்து, மெதுவாக, அடிவயிற்றிலிருந்து வந்தது.

"நான் பட்டினி கிடக்கேன். நீ பந்தி பேசுறியா."

மாமாவின் கையிலிருந்த இளநீர் முற்றத்தில் விழுந்து உருண்டது. அவர் எழுந்து வந்து எங்கள் கால்மாட்டில் நின்றார். கை இரண்டும் கூப்பியிருந்தன. "தாயே" என்றார். "தப்புதான் தாயே. என்ன செய்யணும்னு சொல்லு."

அத்தை மகள் புரண்டு என் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூக்கத்தில் பிள்ளைகள் குழறுவார்களே, அப்படி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "படிக்கணும்." பிறகு பழையபடி மூச்சு. ஆனால் மாமாவுக்கு முதுகு காட்டியிருந்த அந்த முகத்தில் ஒரு கண் மட்டும் மெல்லத் திறந்து என்னைப் பார்த்தது. இப்படி ஒரு தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்திலும் வராது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.

"கேட்டீங்களா?" என்றாள் அத்தை. "அம்மா உத்தரவு குடுத்துட்டா. இவளை இனி விட்டுடுங்க. படிக்கட்டும்."

பூஜை மாடத்திலிருந்து குங்குமம் எடுத்து வந்து மகள் நெற்றியில் வைத்தாள். வைத்துவிட்டு, அவள் கன்னத்தில் உட்கார்ந்திருந்த கொசுவை விரல் நுனியால் மெல்ல ஒதுக்கிவிட்டாள். மாமாவின் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தையின் கை நடுங்கவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளையின் நிஜத் தூக்கம் எது என்று தெரியாதா என்ன. இது எனக்கு அறுபது வயதுக்குமேல்தான் உறைத்தது. அன்று அத்தையையும் ஏமாந்தவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டேன்.

பரீட்சை எழுதினோம். அவள் நிறைய மார்க் வாங்கிக் காலேஜில் சேர்ந்தாள். நான் பாஸ். "பொம்பளப் பிள்ளைக்குப் பாஸே பெரிசு" என்று அப்பா முடித்துவிட்டார். நான் மறுபடியும் உள்ளறைக்கு, கோடவுன் சுவருக்கு வந்துசேர்ந்தேன். ஒரு நாள் மத்தியானம் அம்மா பட்டுப் புடவையை நீட்டி, "கட்டிக்க. வெத்தலபாக்குத் தட்டோட வர்றாங்க" என்றாள். யார் என்று கேட்டேன். மண்ணச்சநல்லூர் என்றாள். ரைஸ் மில் வீடு.

நடந்தது இதுதான். அம்மன் தடுத்த சம்பந்தம் தன் மகளுக்கு ஆகாது என்று மாமா விலகிக்கொண்டார். ஆனால் நல்ல இடம் வீணாகலாமா? "மச்சான், அம்மா என் மகளத்தான் வேணாம்னா. உங்க மகள ஒண்ணும் சொல்லல" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் மாதக்கணக்கில் இரவில் இதையே பேசியிருக்கிறார்கள், எனக்கு ஓரடி தள்ளி, அதே வீட்டில். ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. வெங்காய மூட்டை விழுந்துகொண்டிருந்தது. அமைதியான வீட்டில் இருந்தவள் தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்டுத் தப்பித்தாள். சத்தத்தில் இருந்தவளுக்குத் தட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. உங்க வீடு தேவலை என்றாளே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணத்துக்கு அவள் காலேஜ் பெண்ணாக, கைப்பையும் குடையுமாக வந்தாள். மணவறைக்குப் பின்னால் வந்து, "எம்மேல கோவமா?" என்று காதோடு கேட்டாள். இல்லை என்றேன். என் தாலி முடிச்சைவிட அவள் கைப்பையைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல மனிதர். வீடு மில் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. முதல் இரவு விடிந்ததும் மாமியார் வந்து, "மில்லுச் சத்தத்துல தூங்கினியாம்மா?" என்று கவலையோடு கேட்டார். நான் தூங்கியிருந்தேன். மொட்டை மாடியை விட்டு இறங்கியபின் முதல்முறையாக முழுசாகத் தூங்கியிருந்தேன். பெல்ட் ஓடும் சத்தம், நெல் இறங்கும் சத்தம், எல்லாம் சேர்ந்து ஒரே ரீங்காரம். நடுவில் நிற்காது, அடுத்தது எப்போது என்று காத்திருக்கவேண்டாம். நெல் அவியும் வாசனையும் உமித் தூசுமாக அந்த வீட்டில் வருஷக்கணக்கில் தூங்கித் தீர்த்தேன். என் பழைய தலையணை எப்போது எங்கே போயிற்று என்றுகூடத் தெரியவில்லை.

டீச்சர் ஆனபின் அத்தை மகள் ஒரு கோடை விடுமுறையில் வந்து தங்கினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா சாய்ந்தவள் விளக்கு வைக்கும்வரை எழவில்லை. வாய் பிளந்து கிடந்தது. கன்னத்தில் கொசு உட்கார, பட்டென்று அடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். நிஜத் தூக்கம். எழுந்து உட்கார்ந்து, "இங்க யாரு என்ன பேசுறான்னு ஒண்ணும் கேக்கலைடி. நீ குடுத்துவச்சவ" என்றாள். காலேஜும் உனக்கு, என் மில் தூக்கமும் உனக்கா என்று எனக்கு அப்போதும் எரிச்சல்தான் வந்தது. அடுத்த நாள் பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மில் நின்றது உங்களுக்குத் தெரியும். பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இலை விழுந்தாலும் கேட்கிறது. உங்களிடம் என் மருமகள் சொன்ன தூக்கம் எது என்று இனி உங்களுக்கே புரியும்.

போன வாரம் கூடத்தில் மகனும் மருமகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா தூங்கிடுச்சா?"

"எப்பவோ. அத்தை படுத்தாப் போதும்."

"கொள்ளிடக் கரையில ஒரு ஹோம் பாத்துட்டு வந்தேன். நல்ல காத்து. சத்தமே கிடையாது. மில்லு இடத்த வித்து முடிச்சுட்டா அம்மாவ அங்க விட்டுடலாம்."

கன்னத்தில் கொசு உட்கார்ந்தது. நான் அடிக்கவில்லை. எச்சில் விழுங்கினேன். மாசி மாதம், சமயபுரத்தில் அம்மன் பட்டினி. அத்தை மகளை நினைத்துக்கொண்டேன். அடிவயிற்றிலிருந்து குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னேன்.

"நான் பட்டினி கிடக்கேன். நீ என் வீட்ட விலை பேசுறியா."

கூடத்தில் பேச்சு நின்றது. மகன் எழுந்து வரும் காலடி கேட்டது.

"அம்மாவுக்கு ராத்திரி சாப்பாடு குடுத்தியா இல்லியா?" என்றான்.

"ரெண்டு இட்லி சாப்பிட்டாங்களே. சுகர் இறங்கியிருக்கும், அதான் உளறுறாங்க. ஒரு பிஸ்கெட்டு குடுங்க."

எழுப்பி உட்காரவைத்துப் பிஸ்கெட்டும் தண்ணீரும் கொடுத்தார்கள். அவளுக்கு என்றால் அம்மன் வந்தாள், எனக்குப் பிஸ்கெட் வருகிறது. அதைத் தின்றுவிட்டுப் படுத்தேன். கண்ணை மூடி மூச்சைச் சீராக்கிக்கொண்டேன். அவர்கள் கூடத்துக்குப் போய், விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்கள்.